அரியணை இழந்த மொழி

மன்னன் ஒருவன் தலைநகரை மாற்றிக்கொண்டால், மக்கள் பேசும் மொழிக்கு என்ன நேரும்? ஸ்காட்லாந்தின் இலக்கிய வரலாற்றைப் புரட்டினால் விடை கிடைக்கிறது.

அந்நாட்டுப் பாவலர் என்றதும் இராபர்ட் பர்ன்ஸ் ஒருவரையே நினைக்கிறோம். ஏர் பிடித்தார், இசைப்பாடல் இயற்றினார், இளமையிலேயே மாண்டார் என்று மூன்றே தொடரில் முடித்துவிடுகிறோம். அவருக்குப் பின்னால் நானூறு ஆண்டு மரபு நிற்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

ஸ்காட்லாந்தின் தாழ்நிலங்களில் வழங்கிய மொழி ஸ்காட்ஸ். அது ஆங்கிலத்தின் உடன்பிறப்பு. ஆங்கிலத்தின் கொச்சை அன்று. மலைநாட்டிலும் தீவுகளிலும் வழங்கியது கேலிக். 1370களில் ஜான் பார்பர், மன்னன் புரூஸ் நடத்திய விடுதலைப் போரை ஸ்காட்ஸ் மொழியில் காப்பியமாக்கினார். பின்னர் ஹென்றிசனும் டன்பாரும் அம்மொழிக்கு அணி சேர்த்தனர். 1513இல் கேவின் டக்ளஸ், உரோமக் கவி வர்ஜிலின் ‘ஈனிட்’ காப்பியம் முழுவதையும் ஸ்காட்ஸில் பெயர்த்து முடித்தார். அக்காப்பியம் முழுதாக ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்படாத காலம் அது!

இத்தகைய மொழி எப்படித் தாழ்ந்தது? 1560இல் சமயச் சீர்திருத்தம் வந்தது. வழிபாட்டுக்கு வந்த வேதநூலோ ஆங்கிலத்தில் இருந்தது. 1603இல் மன்னன் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்தின் முடியையும் ஏற்று இலண்டன் சென்றான். 1707இல் நாடாளுமன்றமும் அங்கே சென்றது. கோயில் போயிற்று, கொலு போயிற்று, மன்றமும் போயிற்று. கேலிக் மொழியின் நிலை இன்னும் கொடிது. அதனை ஒழித்து ஆங்கிலத்தை ஊன்றப் பள்ளிகள் நிறுவுமாறு 1616இலேயே அரசவை ஆணையிட்டது.

ஆணையைவிடக் கூரிய வாள் ஒன்று உண்டு, அது நாணம். மாபெரும் சிந்தனையாளரான டேவிட் ஹியூம், எழுத்தில் தவிர்க்க வேண்டிய ஸ்காட்டியச் சொற்களைப் பட்டியலிட்டு 1752இல் வெளியிட்டார். 1761இல் ஆங்கில உச்சரிப்பைக் கற்பிக்க அயர்லாந்து நடிகர் தாமஸ் ஷெரிடன் எடின்பரோவுக்கு வந்தார். நகரத்துப் பெருமக்கள் திரண்டு சென்று பாடம் கேட்டனர். தாய் தந்த நாக்கைத் திருத்திக்கொள்ளத் துடித்தனர் கற்றறிந்தோர்!

அறிஞர் கைவிட்டதைக் காத்தவர் யார்? பொய்முடி செய்து பிழைத்த ஆலன் ராம்சே, பழம்பாடல்களைத் தொகுத்து 1724இல் அச்சேற்றினார். அலுவலகத்தில் படியெடுத்துப் பிழைத்த இராபர்ட் பெர்குசன், எடின்பரோவின் தெருவையும் திருவிழாவையும் ஸ்காட்ஸில் பாடினார். 1774இல் இருபத்துநான்கே வயதில் மனநோயர் விடுதியில் மாண்டார். கல்லும் இன்றிக் கிடந்த அவர் கல்லறைக்குத் தம் செலவில் கல் நாட்டியவர் பர்ன்ஸ்.

குத்தகை உழவரின் மகனான பர்ன்ஸ், 1786இல் கில்மார்நாக் நகரில் தம் முதல் நூலை வெளியிட்டார். 612 படிகள், விலை மூன்று ஷில்லிங். விண்ணே கற்பித்து அனுப்பிய உழவர் என்று வியந்தார் திறனாய்வாளர் ஹென்றி மெக்கென்சி. பாராட்டுத்தான், ஆயினும் அதனை நாம் ஏற்பதற்கில்லை. உழவனுக்கு அறிவு வானிலிருந்து விழுந்தால்தான் உண்டோ? பர்ன்சின் தந்தையும் அண்டை வீட்டாரும் பணம் சேர்த்து ஆசிரியரை அமர்த்தினர். ராம்சேக்கும் பெர்குசனுக்கும் தாம் பட்ட கடனை அந்நூலின் முன்னுரையிலேயே பர்ன்ஸ் கூறுகிறார். விண்ணுக்கு அளித்த பெருமை, மண்ணில் வாழ்ந்த மரபிடமிருந்து பறித்த பெருமையாகும்.

புகழுரை பாடுவது மட்டும் வரலாறு ஆகாது. பக்திப் போர்வைக்குள் ஒளிந்த போலித்தனத்தைச் சாடியவர், மனிதர் யாவரும் நிகரென்று 1795இல் பாடியவர் பர்ன்ஸ். அவரே 1786இல், வறுமையும் காதல் வழக்கும் துரத்த, அடிமைகள் உழைத்த ஜமைக்காத் தோட்டமொன்றில் கணக்கராக ஒப்புக்கொண்டிருந்தார். அவர் போகாமல் நின்றதற்கு நூலின் வெற்றியே பெருங்காரணம். கவி பாடிய சமத்துவம் கவியின் வாழ்வையும் அளக்கும் கோலாகும். அக்கோலை நாம் மறைத்தல் தகாது.

பர்ன்ஸ் 1796இல் மறைந்தபின் அவரைப் போலச் செய்தோர் பலர். அவர்கள் கையில் ஸ்காட்ஸ் அடுப்படி ஏக்கத்துக்கும் நகைச்சுவைக்கும் மட்டுமே உரிய மொழியாய்ச் சுருங்கியது. அச்சிறையை 1926இல் உடைத்தார் ஹியூ மெக்டயர்மிட். தத்துவமும் அரசியலும் தாங்கிய நெடுங்கவிதையை அம்மொழியிலேயே படைத்தார். 1943இல் சோர்லி மெக்லீன் கேலிக்கில் புதுக்கவிதைக்கு வழி திறந்தார்.

1999இல் ஸ்காட்லாந்துக்கு மீண்டும் பாராளுமன்றம் வந்தது. அதன் திறப்பு விழாவில் ஒலித்தது பர்ன்சின் சமத்துவப் பாடல்! அம்மன்றம் 2025இல் இயற்றிய சட்டம் ஸ்காட்ஸ், கேலிக் ஆகிய இரண்டுக்கும் அலுவல் நிலை அளித்தது.

அரியணையை இழந்த மொழி அடுக்களையிலும் கழனியிலும் உயிர் காத்து நின்றது; பாவலர் அதனை மீண்டும் ஏட்டில் ஏற்றினர். சட்டம் வந்து சேர மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதுவரை காத்தவர் முடி சூடியோர் அல்லர். முடி செய்தவரும், படியெடுத்தவரும், ஏர் பிடித்தவருமே!