இதமானது யாருக்கு? லண்டன் தட்பவெப்பத்தின் மீதான தீர்ப்புகளின் வரலாறு

ஒரு நகரத்தின் தட்பவெப்பம் இனிமையானதா என்னும் கேள்வி வெறும் ரசனை சார்ந்ததாகத் தோன்றும். ஆனால் லண்டன் நகரத்தின் மீது நூற்றாண்டுகளாக வழங்கப்பட்டுவரும் தீர்ப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், அக்கேள்வி ஒருபோதும் ரசனையோடு நின்றதில்லை என்பது விளங்கும். யார் அளந்தார், எதை அளந்தார், எந்த ஊரை இயல்பென்று கொண்டு அளந்தார் என்பதே ஒவ்வொரு முறையும் விடையைத் தீர்மானித்திருக்கிறது. அந்த விடைகளுக்காகச் சிலர் உயிரையும் விலையாகக் கொடுத்திருக்கிறார்கள்.

கி.பி. 98ஆம் ஆண்டளவில் தம் மாமனார் அக்ரிகோலாவின் வரலாற்றை எழுதிய உரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ், பிரித்தானியத் தீவின் வானம் ஓயாத மழையாலும் மூடுபனியாலும் அருவருப்பானது என்றும், ஆயினும் அங்குக் கடுங்குளிர் இல்லை என்றும் பதிவு செய்தார். மத்தியதரைக் கடலோர வெயிலை இயல்பாகக் கொண்ட ஒருவரின் தீர்ப்பு இது. அதற்கும் முன்பே அரிஸ்டாட்டில், மிகு வெப்பப் பகுதிக்கும் மிகு குளிர்ப் பகுதிக்கும் இடைப்பட்ட நிலமே மனிதர் வாழத் தக்கது என்று வகுத்திருந்தார். அந்த வகுப்பின் எச்சம் இன்றும் தமிழ்ப் பாடநூல்களில் ‘மிதவெப்ப மண்டலம்’ என்ற சொல்லாக வாழ்கிறது. ‘மித’ என்ற முன்னொட்டு அளவைக் குறிப்பதுபோல் தோன்றினும், அதனுள் ஒரு மதிப்பீடும் ஒளிந்திருக்கிறது. ஒரு மண்டலம் மிதமானது என்றவுடன், மற்றவை மிகையானவை ஆகிவிடுகின்றன.

டாசிடஸ் தொடங்கி வைத்த மழைப் பெயர் லண்டனை இன்றுவரை விடவில்லை. ஆனால் மழைமானி சொல்லும் கதை வேறு. லண்டனின் ஆண்டு மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர். உரோம் நகரத்தின் மழை ஏறத்தாழ 800. சென்னையின் மழை ஏறத்தாழ 1,400. லண்டனில் குறைந்த மழை நூறுக்கும் மேற்பட்ட நாள்களில் சிறுசிறு தூறலாகப் பிரிந்து விழுகிறது. சென்னையின் மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அளவை எண்ணுபவருக்கு லண்டன் வறண்ட ஊர்; நாள்களை எண்ணுபவருக்கு அது ஓயாது நனையும் ஊர். இரண்டு கணக்கும் சரியே.

லண்டனின் வானத்தில் இயற்கை எவ்வளவு, மனிதர் செய்தது எவ்வளவு என்ற கேள்வியை 17ஆம் நூற்றாண்டிலேயே ஜான் ஈவ்லின் எழுப்பினார். 1661இல் இரண்டாம் சார்லஸ் மன்னருக்குச் சமர்ப்பித்த ‘ஃபியூமிஃபியூஜியம்’ என்னும் நூலில், நகரைச் சூழ்ந்த இருளுக்கு நிலக்கரிப் புகையே காரணம் என்று வாதிட்டு, புகை கக்கும் தொழிற்கூடங்களை நகருக்கு வெளியே அகற்றவும், சுற்றிலும் நறுமணச் செடிகளை நடவும் வேண்டினார். மன்னர் நூலை வரவேற்றார், தொழிற்கூடங்கள் நகரவில்லை.

ஈவ்லினின் வாதத்துக்கு எண்களின் துணையைத் தந்தவர் லூக் ஹோவர்ட். மருந்துப் பொருள் தயாரிப்பைத் தொழிலாகக் கொண்ட இவர்தாம், மேகங்களுக்கு இன்றும் வழங்கும் இலத்தீன் பெயர்களைச் சூட்டியவர். நகருக்கு வெளியே தாம் எடுத்த வெப்ப அளவுகளை, நகருக்குள் ராயல் சொசைட்டி எடுத்த அளவுகளுடன் பல ஆண்டுகள் ஒப்பிட்டு, 1818 முதல் 1820 வரை ‘லண்டனின் காலநிலை’ என்னும் நூலை இரு தொகுதிகளாக வெளியிட்டார். இரவில் நகரம் புறநகரைவிட 3.70 பாரன்ஹீட் பாகை வெப்பமாக இருப்பதாகவும், பகலில் 0.34 பாகை குளிர்ச்சியாக இருப்பதாகவும் அவர் கணக்கிட்டார். நகர வெப்பத் தீவு என்று பின்னாளில் பெயர்பெற்ற நிகழ்வை முறையாக அளந்த முதல் ஆய்வு இது. அதன் உட்பொருள் பெரிது. ஒரு நகரத்தின் தட்பவெப்பம் அட்சரேகை அளித்த வரம் மட்டுமன்று; அடுப்புகளும் சுவர்களும் கூட்டமும் சேர்ந்து ஆக்குவதும் ஆகும்.

இந்த அறிவு இருந்தும், புகையை வானிலையின் கணக்கில் எழுதும் வழக்கம் நீங்கவில்லை. 1890 டிசம்பர் மாதம் முழுவதும் வெஸ்ட்மின்ஸ்டரின் சூரிய ஒளிப்பதிவுக் கருவியில் வெயிலின் சுவடே விழவில்லை. 1899 முதல் 1901 வரை சவாய் விடுதியில் தங்கித் தேம்ஸ் ஆற்றைத் தீட்டிய பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்கோ, அந்த மூடுபனியே லண்டனின் அழகு. விடுதிச் சாளரத்திலிருந்து பார்ப்பவருக்கு வண்ணமாகத் தெரிந்தது, கிழக்கு லண்டன் தொழிலாளியின் நுரையீரலுக்குள் கரியாகப் படிந்தது. 1905இல் புகையையும் பனியையும் இணைத்து ‘ஸ்மாக்’ என்ற சொல் உருவாக்கப்பட்டபோதுதான், பழியில் பாதியாவது மனிதரின் பக்கம் திரும்பியது.

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை காற்று அசையாது நின்றது. வீட்டு அடுப்புகளும் மின் நிலையங்களும் கக்கிய புகை மேலெழ வழியின்றி நகரின் மீதே கவிந்தது. சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கினுள் புகை புகுந்து இசை நாடகம் பாதியில் நின்றது. ஸ்மித்ஃபீல்டு கண்காட்சிக்கு வந்த மாடுகள் மூச்சுத் திணறி மடிந்தன. மாண்ட மனிதர் ஏறத்தாழ 4,000 பேர் என்பது முதற்கணக்கு. அடுத்துவந்த மாதங்களில் மிகுந்த மரணங்களை அரசு இன்ஃபுளூயன்சாவின் கணக்கில் வைத்தது. அவற்றையும் சேர்த்த பிற்கால ஆய்வு 12,000 வரை மதிப்பிடுகிறது. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. பின்வந்த ஆண்டுகளில் லண்டனின் குளிர்கால வெயில் நேரம் கூடியது. ‘இயற்கையாகவே’ மந்தமானது என்று நூற்றாண்டுகளாகத் தீர்ப்பளிக்கப்பட்ட வானத்தின் ஒரு பகுதி, சட்டத்தால் திருத்தக்கூடியதாக இருந்தது. வானிலை என்று பெயரிட்ட வரையில் அதற்குப் பொறுப்பாளி இல்லை; புகை என்று பெயரிட்டதும் பொறுப்பாளிகள் தோன்றினர்.

தம் நகரத்து வானத்தை இவ்வாறு நொந்துகொண்ட அதே சமூகம், கடல் கடந்தபோது அந்நாட்டுக் குளுமையையே உலகத்துக்கான அளவுகோலாக எடுத்துச் சென்றது. மலை வாசத்தலங்கள் அதன் கட்டட வடிவம். 1877இல், சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் சூறையாடிக்கொண்டிருந்த வேளையில் உதகைக்குச் சென்ற வைசிராய் லிட்டன், அங்குப் பெய்த மழையும் மிதித்த சேறும் இங்கிலாந்தினுடையவை போன்றவை எனக் களித்துத் தம் மனைவிக்கு எழுதினார். சமவெளியில் பருவமழை பொய்த்து மக்கள் மாண்டுகொண்டிருக்க, மலையில் மழை ஒரு தாயக நினைவாக இனித்தது.

அந்தக் களிப்புக்கு அறிவியல் உடை அணிவித்தவர்களில் முதன்மையானவர், யேல் பல்கலைக்கழகத்தின் எல்ஸ்வொர்த் ஹன்டிங்டன். 1915இல் வெளிவந்த ‘நாகரிகமும் காலநிலையும்’ என்னும் நூலில், கனெக்டிகட் ஆலைத் தொழிலாளரின் உற்பத்தியையும் அமெரிக்க மாணவரின் மதிப்பெண்களையும் கொண்டு மனித ஆற்றலுக்கு உகந்த வெப்பநிலையை வரையறுத்தார். பிறகு நாகரிகத்தின் தரத்தை மதிப்பிடுமாறு அறிஞர்களுக்குக் கடிதம் எழுதினார். விடையளித்தவருள் பெரும்பாலோர் அமெரிக்கரும் ஐரோப்பியரும். இரு வரைபடங்களும் பொருந்தின. இங்கிலாந்தும் வடமேற்கு ஐரோப்பாவும் வடகிழக்கு அமெரிக்காவும் உச்சத்தில் நின்றன. அளவுகோலைச் செய்த இடத்திலேயே அளக்கப்பட்ட சிறப்பும் காணப்பட்டதில் வியப்பில்லை. ஆனால் அதன் விளைவு, வெப்ப நாடுகளின் வறுமைக்கு ஆட்சியாளரை விடுத்து வெயிலைக் காரணமாக்கும் வாதத்துக்குக் கிடைத்த வலிமை.

இன்றைய அளவீடுகள் இத்தகைய இனமேன்மை பேசுவதில்லை. 1985இல் மியெக்ஸ்கோவ்ஸ்கி அமைத்த சுற்றுலாக் காலநிலைக் குறியீடு, பகல்நேர இதத்துக்கு 40 விழுக்காடும் மழைக்கும் வெயிலுக்கும் தலா 20 விழுக்காடும் எடை தருகிறது. இது வந்து போகும் பயணியின் கணக்கு. அங்கேயே வாழும் முதியவருடையதன்று. 1970இல் ஃபாங்கர் வகுத்த வெப்ப இதச் சமன்பாடு பெரிதும் அமெரிக்க, டென்மார்க் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய சோதனைகளில் பிறந்தது. அதுவே உலகெங்கும் குளிரூட்டப்பட்ட அலுவலகங்களின் நெறியானது. இந்திய அலுவலகங்களில் கள ஆய்வு நடத்தி அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம் உருவாக்கிய தகவமைப்பு இத மாதிரி, இங்குள்ளோர் அந்நெறி அனுமதிப்பதைவிட உயர்ந்த வெப்பத்திலும் இதமாக உணர்வதைக் காட்டியது. உடல் தான் பழகிய காலநிலையைக் கொண்டே தீர்ப்புச் சொல்கிறது.

பழக்கம் இருபுறமும் கூர்மையுள்ளது. 2022 ஜூலை 19 அன்று லண்டன் ஹீத்ரோவில் 40.2 செல்சியஸ் பதிவானது. சென்னையின் மே மாதத்துக்கு இது புதிதன்று. ஆனால் வெப்பத்தை உள்ளே தேக்கிவைக்கவே கட்டப்பட்ட செங்கல் வீடுகளில், குளிரூட்டி அரிதாகவே உள்ள அறைகளில், அது வேறொரு வெப்பம். ஓராண்டின் சராசரி வெப்பத்தைப் பார்த்து லண்டனை இதமான நகரம் என்பவரின் பட்டியலில் அந்த ஒரு நாளுக்கு இடமில்லை.

ஆகவே ஒரு நகரத்தின் தட்பவெப்பத்துக்கு மதிப்பெண் இடும் எந்தப் பட்டியலையும் வாசிக்கும் ஆய்வாளர், மதிப்பெண்ணுக்கு முன் மூன்றைத் தேட வேண்டும்: எந்த உடலைக் கொண்டு அளந்தார்கள், எந்தக் கட்டடத்துக்குள் அந்த உடல் வாழ்கிறது, மனிதர் செய்த எதை இயற்கையின் பெயரில் எழுதினார்கள். டெல்லியின் குளிர்காலக் காற்றைப் பருவத்தின் குற்றமாக ஒவ்வோர் ஆண்டும் செய்திகள் வருணிக்கும் நாட்டில், மூன்றாவது கேள்வியே முதலில் கேட்கத் தக்கது.