வடிகாலின் வரலாறும் கரிசல் நிலமும்

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் என்றதும் பட்டாசும் தீப்பெட்டியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. மானாவாரி வேளாண்மை கைகொடுக்காத வறட்சியும் ஒரு காரணமாக, 1920களில் தீப்பெட்டித் தொழில் இவ்வட்டாரத்தில் வேர்கொண்டது. இத்தகைய நிலத்தில் வடிகாலுக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பருத்தி மஞ்சளித்து நிற்கும் கரிசல் காட்டைக் கண்டவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள்.

வேருக்கும் மூச்சு வேண்டும். மண்ணின் நுண்துளைகளில் நீர் நிறைந்துவிட்டால், எஞ்சிய பிராணவாயுவை வேர்களும் நுண்ணுயிர்களும் ஓரிரு நாட்களில் தீர்த்துவிடுகின்றன. பின்னர் மண்ணிலுள்ள நைட்ரேட்டும் வாயுவாக மாறி வெளியேறுகிறது. தழைச்சத்து இழந்த பயிர் மஞ்சளிக்கிறது.

இதை முன்னோர் அறிந்திருந்தனர். ரோமானியரான கேட்டோ, கி.மு. 2ஆம் நூற்றாண்டிலேயே தம் வேளாண்மை நூலில் வடிகால் வெட்டுவதைப் பற்றி எழுதியுள்ளார். 1830களில் ஜான் ஜான்ஸ்டன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், நியூயார்க் மாநிலத்து ஜெனீவாவுக்கு அருகில், தம் பண்ணையில் சுட்டமண் ஓடுகளை நிலத்தடியில் பதித்தார். மண்பாண்டங்களைப் புதைக்கிறார் என்று அயலார் எள்ளினர். கோதுமை விளைச்சல் பெருகவே, பின்னர் அவர்களும் அவ்வழியே சென்றனர். 1846இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வடிகால் அமைக்கக் கடன் வழங்கச் சட்டமே இயற்றியது.

அதே ஆட்சி இந்தியாவில் கால்வாய்களை வெட்டியபோது வடிகாலுக்கு உரிய இடம் தரவில்லை. பஞ்சாபிலும், பம்பாய் மாகாணத்து நீரா கால்வாய்ப் பகுதியிலும் நிலத்தடி நீர் மேலேறி, வயலில் உப்புப் பூத்தது. விடுதலைக்குப் பின்னரும் பாடம் கற்றோமில்லை. 1960இல் பாசனம் பெறத் தொடங்கிய ராஜஸ்தானத்துச் சம்பல் பகுதியின் களிமண் நிலங்களும் அவ்வாறே கெட்டன. 1990களில் கனடாவின் உதவியுடன் அங்கு துளையிட்ட குழாய்கள் நிலத்தடியில் பதிக்கப்பட்டன. நீர்மட்டம் தாழ, மழையும் பாசனமும் உப்பைக் கழுவிச் சென்றன.

அக்குழாய்களை அப்படியே நம் கரிசலுக்குக் கொண்டுவரலாமா? நோய் வேறு என்பதை நாம் மறக்கலாகாது. சம்பலில் நீர் கீழிருந்து ஏறியது. மானாவாரிக் கரிசலிலோ, ஈரம்பட்ட களி ஊதித் துளைகளை அடைத்துக்கொள்வதால், மழைநீர் இறங்க வழியின்றி மேலேயே தேங்குகிறது. இதற்குக் குழாயைவிடச் சாலே ஏற்ற மருந்து. 1972இல் ஹைதராபாத்துக்கு அருகே நிறுவப்பட்ட இக்ரிசாட் ஆய்வு நிலையம், கரிசல் நிலத்துக்கென அகன்ற மேட்டுப்பாத்தியும் சாலும் மாறிமாறி அமையும் முறையை வகுத்தது.

சால் வடித்த நீர் ஓடையில் சேர்ந்து, வரத்துக்கால் வழியே கண்மாயை அடையவேண்டும். வரத்துக்கால் தூர்ந்தால் ஐப்பசியில் காட்டுப்பயிர் அழுகும். தையில் கண்மாய்ப் பாசனப் பயிர் காயும். ஒரே அடைப்பு, இரண்டு இழப்பு. குழாயைப் பற்றி யோசிக்குமுன் நாம் தேடவேண்டியது அந்த வரத்துக்காலைத்தான்.