வெடிச் சத்தமும் பூனையின் காதும்: நானூறு வருடக் கதை

ஒக்டோபர் கடைசியில் இருந்து நவம்பர் நடுப்பகுதி வரை இங்கிலாந்தில் பூனை வளர்க்கும் வீடுகளுக்கு நிம்மதி இல்லை. தீபாவளி வரும். நவம்பர் 5 வரும். சில வருடங்களில் இரண்டும் ஒட்டிக்கொண்டே வரும். 2021இல் தீபாவளி நவம்பர் 4. 2026இல் நவம்பர் 8. கட்டிலுக்கு அடியில் புகுந்த பூனை மறுநாள் காலைவரை வெளியே வராது.

"பூனையை எப்படி அமைதிப்படுத்துவது?" என்று என்னிடம் கேட்கிற தம்பி தங்கைகள் அதிகம். அதற்கான பதிலைப் பத்து வரியில் எழுதிவிடலாம், கீழே எழுதியும் இருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் இந்தச் சத்தம் எங்கே இருந்து வந்தது, பூனை எப்போது எங்கள் சோபாவில் ஏறியது, சட்டம் யாருக்காக எழுதப்பட்டது என்று தெரிந்துகொள்வது நல்லது. இந்தக் கதையில் தமிழருக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

நெருப்பு இரவும் பூனைகளும்

பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்திருப்பீர்கள். 1605 நவம்பர் 5. நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபைக்குக் கீழே 36 பீப்பாய் வெடிமருந்தோடு கை ஃபோக்ஸ் பிடிபட்டான். அரசர் தப்பினார் என்று அன்றிரவே லண்டன் மக்கள் தெருவில் நெருப்பு மூட்டினார்கள். அடுத்த வருடம் நாடாளுமன்றம் அந்த நாளை நன்றி சொல்லும் நாளாகச் சட்டமாக்கியது. அந்தச் சட்டம் 1859 வரைக்கும் நீக்கப்படவில்லை. இரண்டரை நூற்றாண்டுகள் இது விருப்பப்பட்டால் கொண்டாடும் விழாவாக இருக்கவில்லை, அரச கட்டளையாக இருந்தது.

பள்ளிக்கூடத்தில் சொல்லித்தராத பகுதி ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் நவம்பர் 17ஆம் திகதியும் ஒரு நெருப்பு நாள். முதலாம் எலிசபெத் அரசி பதவிக்கு வந்த நாள் அது. கத்தோலிக்கருக்கு எதிரான கோபம் உச்சத்தில் இருந்த 1670களில், லண்டன் மக்கள் பாப்பரசரின் உருவப் பொம்மை செய்து ஊர்வலமாகக் கொண்டுபோய் எரித்தார்கள். 1677இல் எரித்த பொம்மையின் வயிற்றுக்குள் உயிருள்ள பூனைகளை அடைத்து வைத்திருந்தார்கள். பூனைகளின் அலறல் பொம்மையின் அலறல் போலக் கேட்க வேண்டும் என்பதற்காக. அதைப் பற்றி அப்போது எழுதப்பட்ட கடிதம் ஒன்று இன்றும் இருக்கிறது.

படிக்கவே கஷ்டமாக இருக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பூனைக்கு வலிக்கும் என்று அந்தக் கூட்டத்துக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் செய்தார்கள். அந்த வலி ஒரு பொருட்டாக இருக்கவில்லை, அவ்வளவுதான். அது ஒரு பொருட்டாக மாறுவதற்கு இன்னும் ஒன்றரை நூற்றாண்டு எடுத்தது.

ஒரே மாளிகையில் வாணமும் பூனையும்

1822இல் ரிச்சர்ட் மார்ட்டின் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் முயற்சி எடுத்து, மாடு, குதிரை, ஆடு போன்றவற்றை வதைப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. நாய்க்கும் பூனைக்கும் அதில் இடமில்லை. 1824இல் அவரும் இன்னும் சிலரும் லண்டனில் ஒரு கோப்பிக் கடையில் கூடி, விலங்கு வதையைத் தடுக்கும் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். இன்று நாங்கள் ஆர்.எஸ்.பி.சி.ஏ. என்று சொல்வது அதைத்தான். 1835இல் வந்த சட்டம் வீட்டு விலங்குகளையும் சேர்த்துக்கொண்டது.

அடுத்து வருவது எனக்கு மிகவும் பிடித்த இடம். தெற்கு லண்டனில் கிறிஸ்டல் பேலஸ் இருக்கிறதே, குரொய்டனில் இருந்து பஸ் பிடித்தால் போய்விடலாம். இன்று அங்கே பூங்காதான் மிச்சம். கண்ணாடி மாளிகை 1936இல் எரிந்துபோனது. அந்த மாளிகையில் 1865இல் இருந்து புரொக் என்ற வாண உற்பத்திக் குடும்பம் பெரிய வாணவேடிக்கைகளை நடத்தியது. நகரமே திரண்டு போய்ப் பார்த்தது.

ஆறு வருடம் கழித்து, 1871 யூலையில், அதே மாளிகையில் ஹரிசன் வியர் என்ற ஓவியர் பூனைக் கண்காட்சி ஒன்றை நடத்தினார். நவீன காலத்தின் முதல் பெரிய பூனைக் கண்காட்சி என்று சொல்லப்படுவது இதுதான். அதுவரை பூனை என்றால் எலி பிடிக்கிற வேலையாள். அந்தக் கண்காட்சிக்குப் பிறகுதான் அழகுக்கும் பாசத்துக்கும் உரிய வீட்டுப் பிராணியாக அது பெயர் எடுத்தது.

வாணவேடிக்கை ஊர்ப் பொழுதுபோக்கானதும் பூனை வீட்டுப் பிள்ளையானதும் ஒரே காலத்தில், ஒரே இடத்தில். இன்றைக்கு உங்கள் வீட்டில் நடக்கிற சிக்கலின் இரண்டு நுனியும் அந்தக் குன்றின் மேல்தான் இருக்கின்றன.

பூனை ஏன் இப்படிப் பயப்படுகிறது?

மனிதக் காது 20 ஹேர்ட்ஸில் இருந்து 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும். பூனையின் காது 48 ஹேர்ட்ஸில் இருந்து 85,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும் என்று 1985இல் வெளியான ஆய்வு ஒன்று அளந்து சொன்னது. புல்லுக்குள் எலி கீச்சிடுவதைப் பிடிப்பதற்காக உருவான காது அது. வெடியின் 'டமார்' அதற்கு நன்றாகவே கேட்கும். அதற்கு முன்னால் வாணம் மேலே போகும்போது வருகிற கூரிய விசில் நமக்குக் கேட்பதைவிடப் பூனைக்குத் தெளிவாகக் கேட்கும்.

ஆனால் சத்தத்தின் அளவு மட்டும் பிரச்சினை இல்லை. பூனை வேட்டையாடும் விலங்கு, பெரிய விலங்குகளுக்கு இரையாகவும் ஆகக்கூடிய விலங்கு. அதன் மூதாதையான காட்டுப்பூனை தனியாக வாழ்ந்தது. கூட்டம் வந்து காப்பாற்றும் என்ற நம்பிக்கை அதன் இரத்தத்திலேயே இல்லை. ஆபத்து எந்தத் திசையில் என்று தெரிந்தால் எதிர்த்திசையில் ஓடும். வெடிக்குத் திசை இல்லை, நேரம் இல்லை, முன்னறிவிப்பு இல்லை. ஓட முடியாதபோது அதற்கு மிஞ்சியிருக்கும் ஒரே வழி ஒளிந்துகொள்வது. அதனால் கட்டிலுக்கு அடியில் போவது நோயில்லை, அடம் இல்லை. அதுதான் பூனையின் வைத்தியம்.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 2014இல் இதைப் பரிசோதித்தார்கள். காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் ஒரு பகுதிக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தார்கள், மற்றவற்றுக்குக் கொடுக்கவில்லை. பெட்டி கிடைத்த பூனைகள் சீக்கிரமாகவே பதற்றம் தணிந்தன. ஒரு மட்டைப் பெட்டி போதும்!

சட்டத்தில் எங்கள் தீபாவளி

இங்கிலாந்தில் 2003இல் வாணவெடிச் சட்டம் வந்தது. பில் டைனன் என்ற உறுப்பினர் தனியாகக் கொண்டுவந்த மசோதா அது. அதன் கீழ் 2004இல் விதிகள் வந்தன. இரவு 11 மணியில் இருந்து காலை 7 மணி வரை வெடி கொளுத்தக் கூடாது. நவம்பர் 5 அன்று நள்ளிரவு வரை விலக்கு. புதுவருடம், சீனப் புத்தாண்டு, தீபாவளி ஆகிய மூன்றுக்கும் அதிகாலை 1 மணி வரை விலக்கு. அதாவது கை ஃபோக்ஸுக்குக் கொடுத்ததைவிடத் தீபாவளிக்கு ஒரு மணித்தியாலம் கூட!

இதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். எங்களைப் போல இங்கே வந்து குடியேறியவர்களின் பண்டிகையைப் பெயர் சொல்லிச் சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். அதே நேரம், அந்த ஒரு மணி வரைக்குமான விலக்கு பக்கத்து வீட்டுப் பூனையின் தலைக்கு மேலேதான் ஓடுகிறது. உரிமை கிடைத்த பிறகு அதை எப்படிப் பயன்படுத்துவது என்பது எங்கள் கையில்.

பொறியியல் படித்தவன் என்பதால் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. இங்கே கடையில் விற்கும் வெடியின் எல்லை 15 மீற்றர் தூரத்தில் அளந்தால் 120 டெசிபல். இந்தியாவில் 1999இல் வந்த விதி 4 மீற்றர் தூரத்தில் 125 டெசிபல். இந்திய விதி தளர்வானது போலத் தெரிகிறதா? தூரம் கூடினால் சத்தம் குறையும். திறந்த வெளியில் 4 மீற்றரில் 125 என்றால் 15 மீற்றரில் ஏறக்குறைய 113தான். காகிதத்தில் பார்த்தால் இங்கிலாந்தின் விதிதான் கூடிய சத்தத்துக்கு இடம் கொடுக்கிறது. 'எங்கள் ஆட்கள்தான் சத்தம் போடுகிறவர்கள்' என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

வெடிக்காத ஊர்

வெடி இல்லாமல் தீபாவளியா என்று கேட்பவர்கள் உண்டு. பண்டிகை பழையது, வெடி அவ்வளவு பழையது இல்லை. 1443இல் விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரஸ்ஸாக் அங்கே அரண்மனை விழாவில் வாணவேடிக்கை பார்த்ததாக எழுதியிருக்கிறார். அது அரசர்களின் விளையாட்டு. சாதாரண வீட்டு முற்றத்துக்கு வெடி வந்து சேர்ந்தது சிவகாசியால். 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுவந்தார்கள். வெடித் தொழில் அதற்குப் பின்னால் வளர்ந்தது.

அதே தமிழ்நாட்டில், சிவகங்கை மாவட்டத்தில், வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அங்கே மழைக்காலத்தில் நாரைகளும் கொக்குகளும் வந்து கூடு கட்டும். குஞ்சு பொரிக்கிற காலமும் தீபாவளியும் ஒன்றாக வரும். பக்கத்தில் உள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பல தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. 1977இல் அந்த இடம் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, ஆனால் அவர்களைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. நம்பி வந்த பறவை பயந்து போய்விடக் கூடாது என்று ஊரே முடிவெடுத்தது. பிள்ளைகளும் ஒத்துக்கொள்கிறார்கள். வனத்துறை அவர்களுக்கு நன்றியாக இனிப்புக் கொடுக்கிறது. இதுவும் தமிழர் மரபுதான். சிவகாசி எவ்வளவு எங்களுடையதோ, கொள்ளுக்குடிப்பட்டியும் அவ்வளவு எங்களுடையது.

எங்கள் வீடுகளில் இன்னொரு காரணமும் இருக்கிறது. நவம்பர் 5 இரவில் என் அம்மம்மா எழும்பிப் போய் யன்னலில் இருந்து தள்ளி, சுவர் ஓரமாக இருப்பா. யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுந்த காலத்தில் பங்கருக்குள் இருந்து பழகிய உடம்பு அது. இது வாணம் என்று அவவுக்குத் தெரியும், ஆனாலும் உடம்பு கேட்காது. எங்கள் பூனை மிளகு அவவின் மடிக்குப் பக்கத்தில்தான் போய் ஒடுங்கும். "அதுக்கு விளங்காது பிள்ளை, எனக்கு விளங்கியும் பிரயோசனம் இல்லை" என்று ஒருமுறை சொன்னா. பூனைக்குச் செய்யும் ஏற்பாடு எல்லாம் வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் பொருந்தும் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

என்ன செய்யலாம்?

- இருட்ட முன்னம் பூனையை உள்ளே எடுத்து, பூனைக் கதவைப் பூட்டுங்கள். மண் தட்டை உள்ளே வையுங்கள்.
- ஒளியும் இடத்தை முதலே தயார் செய்யுங்கள். மட்டைப் பெட்டி, அலுமாரியின் கீழ்த்தட்டு, கட்டிலுக்கு அடி, எதுவானாலும் சரி. பழைய போர்வை ஒன்றைப் போடுங்கள். அதன் சொந்த மணம் அதற்கு ஆறுதல்.
- ஒளிந்த பூனையை இழுத்து எடுக்காதீர்கள். இது மிக முக்கியம். கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்வது எங்களுக்குப் பாசம், அதற்குச் சிறை. தானாக மடிக்கு வந்தால் தடவிக் கொடுங்கள்.
- யன்னல் திரைகளை மூடுங்கள். தொலைக்காட்சியோ பாட்டோ வழமையான சத்தத்தில் ஓடட்டும். திடீர் வெடி அதில் கொஞ்சம் கரையும்.
- நீங்கள் பதறாதீர்கள். சாப்பாடு, விளையாட்டு எல்லாம் வழமையான நேரத்தில் நடக்கட்டும்.
- குட்டிப் பூனை என்றால் மாதக்கணக்கில் முன்னதாகவே வெடிச் சத்தப் பதிவை மிகவும் மெல்லமாகப் போட்டு, கூடவே பிடித்த உணவு கொடுத்துப் பழக்கலாம். பயத்தின் அறிகுறி தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். முதல்நாள் தொடங்கிப் பயனில்லை.
- ஒவ்வொரு வருடமும் சாப்பிடாமல், நடுங்கிக்கொண்டு கிடக்கும் பூனை என்றால் செப்டம்பரிலேயே மிருக வைத்தியரிடம் கதையுங்கள். மனிதருக்கான மருந்து எதையும் கொடுக்காதீர்கள்.
- மைக்ரோசிப்பில் உங்கள் தொலைபேசி எண் சரியா என்று பாருங்கள். இங்கிலாந்தில் 2024 யூன் 10இல் இருந்து பூனைக்கு 20 வாரம் ஆகுமுன் சிப் போடுவது கட்டாயம். பயந்து ஓடின பூனை திரும்பி வர அதுதான் வழி.

கடைசியாக ஒன்று. இந்தத் தீபாவளிக்கு உங்கள் வீட்டில் வெடி கொளுத்துவதாக இருந்தால், எத்தனை மணிக்கு என்று பக்கத்து வீடுகளுக்கு முதலே சொல்லுங்கள். அரை மணித்தியாலத்தில் முடித்துவிடுங்கள். சட்டம் 1 மணி வரை விட்டிருக்கிறது என்பதற்காக 1 மணி வரை வெடிக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலேயே 2018இல் இருந்து காலையில் ஒரு மணித்தியாலம், மாலையில் ஒரு மணித்தியாலம்தான் நேரம். உங்கள் தெருவில் எத்தனை வீட்டில் பூனை இருக்கிறது, எத்தனை வீட்டில் அம்மம்மா இருக்கிறா என்று உங்களுக்குத்தான் தெரியும்.