எசப்பாட்டு

ராப் பாடல்கள் பெண்களை இழிவுபடுத்துகின்றனவா என்று யாராவது கேட்டால், நிறையப் பாடல்கள் அப்படித்தான் இருக்கின்றன என்று சொல்லிவிடுவேன். அதற்கு ஆராய்ச்சி வேண்டாம், காது போதும். பெண்ணை நாயென்றும் வேசியென்றும் அழைப்பது அந்த இசையின் ஒரு பெரும் பகுதியில் பழக்கமாகவே போய்விட்டது. ஆனால் அட்லாண்டாவில் நண்பர்கள் வீட்டு விருந்துகளில் இந்தப் பேச்சு, பிள்ளைகளின் கைபேசியில் என்ன ஓடுகிறது என்ற கவலையில் தொடங்கி, "அவங்க ஆளுங்களே அப்படித்தான்" என்ற இடத்தில் போய் முடிகிறது. அந்த முடிவு எனக்கு ஒப்பவில்லை. இந்தக் கேள்வியை நமக்கு வெகுகாலம் முன்பே, நம்மைவிடக் கடுமையாகக் கேட்டவர்கள் கறுப்பினப் பெண்கள். அவர்கள் கேட்ட விதம் வேறு.

1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூவின் 1520-ஆம் எண் குடியிருப்பில் நடந்த ஒரு கொண்டாட்டத்தை ஹிப் ஹாப்பின் பிறந்தநாளாகச் சொல்வார்கள். அங்கே இசைத்தட்டு சுழற்றிய கூல் ஹெர்க்கின் பெயர் பிரபலம். பள்ளி திறக்குமுன் புதுத்துணிக்குக் காசு சேர்க்க அந்தக் கொண்டாட்டத்தை ஏற்பாடு செய்தவர் அவருடைய தங்கை சிண்டி கேம்ப்பெல். 1979-இல் 'ராப்பர்ஸ் டிலைட்' இசைத்தட்டை வெளியிட்டு ராப்பை வானொலிக்குக் கொண்டுபோன சுகர் ஹில் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தைக் கணவரோடு சேர்ந்து நடத்தியவர் சில்வியா ராபின்சன். பெண்கள் இந்த இசைக்குள் பிற்பாடு வந்த விருந்தாளிகள் அல்லர்.

1984-இல் யூ.டி.எஃப்.ஓ. என்ற குழு, தங்களை ஏறெடுத்தும் பார்க்காத ரோக்சான் என்ற பெண்ணைப் பற்றிக் கேலியாக ஒரு பாட்டு வெளியிட்டது. குயின்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பைச் சேர்ந்த 14 வயதுச் சிறுமி ஒருத்தி, நான்தான் அந்த ரோக்சான் என்று பெயர் சூட்டிக்கொண்டு பதில் பாடினாள். ரோக்சான் ஷாண்டேயின் 'ரோக்சான்ஸ் ரிவெஞ்ச்' அது. அவளுடைய வார்த்தைகளும் மென்மையானவை அல்ல. அதன்பின் பதிலுக்குப் பதில் என்று டஜன் கணக்கில் பாட்டுகள் வந்தன. நம் ஊரில் எசப்பாட்டு என்போமே, அதேதான். இழிசொல்லுக்கு ராப் உலகத்துப் பெண்கள் கண்டுபிடித்த முதல் மருந்து இது.

வெளியுலகம் கொண்டுவந்த மருந்துகள் வேறு. 1985-இல் வாஷிங்டன் அரசியல்வாதிகளின் மனைவிமார், டிப்பர் கோர் முன்னிற்க, பாடல் வரிகளுக்கு எதிராக ஓர் அமைப்பு தொடங்கினார்கள். அவர்கள் வெளியிட்ட 15 மோசமான பாடல்களின் பட்டியலில் ஒரு ராப் பாடல்கூட இல்லை. ராக், பாப் பாடகர்களே இருந்தார்கள். அந்த இயக்கத்தின் விளைவாக வந்ததுதான் பெற்றோரை எச்சரிக்கும் கறுப்பு வெள்ளை வில்லை. ஆனால் ஐந்தே ஆண்டில், பாடல் வரிக்காகக் காவல்துறை கைவிலங்கோடு போனது ராப் பாடகர்களிடம்.

மயாமியின் 2 லைவ் க்ரூ குழு 1989-இல் வெளியிட்ட தொகுப்பு ஆபாசமானது என்று 1990 ஜூனில் ஃபுளோரிடாவில் ஒரு கூட்டாட்சி நீதிபதி தீர்ப்பளித்தார். அதை விற்ற கடைக்காரர் கைதானார். குழுவினரும் மேடையில் பாடியதற்காகக் கைதானார்கள். அக்டோபரில் நடுவர் குழு பாடகர்களை விடுதலை செய்தது. கடைக்காரரை வேறொரு நடுவர் குழு குற்றவாளி என்றது. 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முதல் தீர்ப்பையே ரத்து செய்தது. பாடகர்களின் தரப்பில் சாட்சி சொன்ன அறிஞர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ், இது கறுப்பின வாய்மொழி மரபில் வரும் மிகைப்படுத்திய நையாண்டி என்றார்.

இந்த வழக்கைப் பற்றி 1991-இல் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா எழுதிய கட்டுரைதான் எனக்கு இந்த விஷயத்தில் வழிகாட்டி. அவர் இரண்டு பக்கத்தையும் விடவில்லை. வெள்ளை நகைச்சுவையாளர்கள் இதே அசிங்கத்தைப் பேசும்போது வராத போலீஸ் இங்கே மட்டும் ஏன் வந்தது என்று கேட்டார். நையாண்டி மரபு என்கிறீர்களே, அந்த நையாண்டியில் அடிபடுவது கறுப்பினப் பெண்தானே என்றும் கேட்டார். ஆபாசத்தை அளக்கும் சட்டம் கேட்பவரின் காமம் தூண்டப்படுகிறதா, படைப்புக்குக் கலைமதிப்பு உண்டா என்றுதான் பார்க்கிறது. பெண் இழிவுபடுத்தப்படுகிறாளா என்பது அதன் தராசிலேயே கிடையாது. வழக்கில் யார் ஜெயித்தாலும் அவளுக்கு ஒன்றுமில்லை.

அடுத்து வந்தவர் சி. டெலோரஸ் டக்கர். மார்ட்டின் லூதர் கிங்கோடு ஊர்வலம் போனவர், பென்சில்வேனியா மாநிலச் செயலாளராக இருந்தவர். இதைச் சொந்த வீட்டுச் சண்டையாகவே எடுத்துக்கொண்டார். அவருடைய நெருக்குதலில் 1995-இல் டைம் வார்னர் நிறுவனம், கேங்ஸ்டா ராப் வெளியிட்ட இன்டர்ஸ்கோப்பில் தனக்கிருந்த பங்கை விற்றது. அடுத்த ஆண்டே எம்.சி.ஏ. பங்கு வாங்கியது. பாட்டு நிற்கவில்லை, முதலாளி மாறினார். இந்த முதலாளி விஷயத்தைத்தான் பெல் ஹூக்ஸ் 1994-இல் எழுதினார். ராப்பில் இருக்கும் பெண்வெறுப்பு கறுப்பு இளைஞர்கள் தனியாகக் கண்டுபிடித்த சரக்கல்ல, அது சந்தையில் விலைபோகிறது, வாங்குவதும் விற்பதும் பெரிய சமூகம் என்றார். அதற்காக அவர் இளைஞர்களை மன்னிக்கவில்லை. குற்றத்தை அவர்கள் தலையில் மட்டும் கட்டாதீர்கள் என்றார்.

வார்த்தை வெறும் வார்த்தைதான் என்பவர்களுக்கு ஒரு சம்பவம். 1991 ஜனவரியில் டாக்டர் ட்ரே, தொலைக்காட்சித் தொகுப்பாளர் டீ பார்ன்ஸை ஒரு விருந்தில் தாக்கினார். நீதிமன்றத்தில் அவர் குற்றச்சாட்டை எதிர்க்கவில்லை. தான் காயப்படுத்திய பெண்களிடம் அவர் பொதுவில் மன்னிப்புக் கேட்டது 2015-இல். 1993-இல் குயின் லத்தீஃபா 'யுனிட்டி' பாடியபோது அதில் தெருவில் சீண்டுகிறவனும் இருந்தான், வீட்டில் அடிக்கிறவனும் இருந்தான், இழிசொல்லும் இருந்தது. மூன்றும் ஒரே சங்கிலி என்பது கேட்பவருக்குப் புரிந்தது. 1995-இல் அந்தப் பாட்டுக்கு கிராமி விருது கிடைத்தது.

நான் முதுகலை படிக்க அட்லாண்டா வந்த புதிதில், 2004-இல், இங்குள்ள ஸ்பெல்மன் கல்லூரியின் பெயர் செய்தித்தாளில் அடிபட்டது. கறுப்பினப் பெண்களுக்கான பழைய கல்லூரி அது. பாடகர் நெல்லியின் சகோதரிக்கு ரத்தப் புற்றுநோய். எலும்பு மஜ்ஜைக் கொடையாளர்களைத் திரட்ட அவருடைய அறக்கட்டளை அங்கே முகாம் நடத்த இருந்தது. அவருடைய ஒரு காணொளியில் ஆண் ஒருவன் பெண்ணின் பின்புறத்தில் கடன் அட்டையைத் தேய்ப்பான். முகாமுக்கு வாருங்கள், அந்தக் காணொளியைப் பற்றியும் எங்களோடு பேசுங்கள் என்றார்கள் மாணவிகள். அறக்கட்டளை முகாமை ரத்து செய்தது. மறு ஆண்டு அந்தச் சகோதரி இறந்துபோனார். யார் பக்கம் நின்றாலும் வலிக்கிற கதை. அந்த மாணவிகள் தடை கேட்கவில்லை, வழக்குப் போடவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் எங்கள் கேள்விக்குப் பதில் சொல் என்றார்கள். அவர்களில் ஒருவரான மோயா பெய்லிதான் பின்னாளில், நிறவெறியும் பெண்வெறுப்பும் ஒன்றுசேர்ந்து கறுப்பினப் பெண்மேல் விழுவதற்கு 'மிசாஜினுவார்' என்று பெயர் வைத்தவர்.

நம் பக்கமும் கொஞ்சம் பார்க்கவேண்டும். ஹிப்ஹாப் தமிழாவின் 'கிளப்புல மப்புல' இணையத்தில் பரவியபோது இங்கிருந்த நண்பர்கள் பலர் ரசித்துப் பகிர்ந்தார்கள். மது அருந்தும் பெண்களைப் பண்பாட்டின் பெயரால் சாடும் பாட்டு அது. எச்சரிக்கை வில்லை ஒட்டுகிறவர்கள் கெட்ட வார்த்தையைத்தான் எண்ணுவார்கள். அறிவுரை வேடத்தில் வரும் இழிவு அந்தக் கணக்கில் வராது.

என் மகளுக்குப் பதினைந்து வயது. அவள் கேட்பதை நான் தடுப்பதில்லை. அவள் பட்டியலில் மேகன் தீ ஸ்டாலியனும் உண்டு. 2020-இல் கார்டி பியோடு மேகன் பாடிய பாட்டின் பச்சைப் பேச்சு நாடெங்கும் சர்ச்சையானது. எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. அதே ஆண்டு ஒரு ராப் பாடகர் மேகனின் காலில் சுட்டார். அவள் பொய் சொல்கிறாள் என்று ஊரே பேசியது. 2022-இல் நீதிமன்றம் சுட்டவரைக் குற்றவாளி என்றது. கூச்சப்பட வைக்கும் பாட்டும் இழிவுபடுத்தும் பாட்டும் ஒன்றல்ல என்பதை மகளோடு பேச இந்த வரலாறு எனக்கு உதவுகிறது. ஒரு பாட்டைக் கேட்கும்போது, இதில் பேசப்படும் பெண் யார், பதில் சொல்ல அவளுக்கு இடம் இருக்கிறதா என்று மட்டும் பார் என்கிறேன்.

சென்ற மாதம் ரோக்சான் ஷாண்டேயின் பாட்டைப் போட்டுக் காட்டினேன். பாடியவளுக்கு அப்போது பதினான்கு வயதுதானா என்று இரண்டு முறை கேட்டாள்.