மழை வந்தால் ஆஸ்ட்ரோ ஏன் நின்றுவிடுகிறது?

பிற்பகலில் வானம் கறுத்துப் பெருமழை பிடித்தால், தொலைக்காட்சியில் படம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுபோவது நம் வீடுகளுக்குப் புதிதல்ல. தீபாவளிக் காலமும் மழைக்காலமும் ஒட்டியே வருவதால், சிறப்பு நிகழ்ச்சிகளின்போதுதான் இது அதிகம் எரிச்சலூட்டும். பலர் உடனே டிகோடரைச் சந்தேகிக்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் அதில் இல்லை. இதற்கு மழைத் தேய்வு என்று பெயர்.

ஆஸ்ட்ரோ ஒளிபரப்பு, கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில் நிற்கும் மியாசாட் துணைக்கோளங்கள் வழியாக வருகிறது. பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரம். அவ்வளவு தூரத்தையும் தடையின்றிக் கடந்து வரும் அலைக்கு, கடைசி ஐந்து கிலோமீட்டர்தான் வினை. மழை இருப்பது அங்கேதான். ஏறத்தாழ 12 கிகாஹெர்ட்ஸில் வரும் கேயூ பட்டை அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர். சில மில்லிமீட்டர் பருமனுள்ள மழைத்துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. கொட்டும் மழையில் சிக்னல் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். சி பட்டை அலை இதைவிட மூன்று மடங்கு நீளமானது. மழை அதை அவ்வளவாகப் பாதிக்காது. ஆனால் அதற்குப் பெரிய டிஷ் வேண்டும், வீட்டுக் கூரைக்கு ஒத்துவராது.

நம் நாட்டு மழையும் சாதாரணமானதல்ல. அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் மழை அளவை வைத்து உலகை வட்டாரங்களாகப் பிரித்தபோது, மலேசியாவைச் சேர்த்த ‘பி’ வட்டாரத்துக்கு மணிக்கு 145 மில்லிமீட்டர் என்று கணக்கிட்டது. ஆண்டில் மொத்தம் ஏறத்தாழ 53 நிமிடங்கள் மழை அந்த வேகத்தைத் தாண்டும் என்பது அதன் பொருள்.

இதை ஈடுகட்ட வழிகள் உண்டு. துணைக்கோளத்துக்கு ஒளிபரப்பை அனுப்பும் தரை நிலையத்தில் மழை பெய்தால் நாடு முழுக்கப் படம் போய்விடும் அல்லவா? அதனால் அங்கே மழை கூடக்கூட அனுப்பும் சக்தியைத் தானாகவே கூட்டுவார்கள். அடைமழை பெரும்பாலும் சில கிலோமீட்டர் அகலத்துக்குள்தான் கொட்டும். ஆகவே தள்ளி இன்னொரு நிலையம் வைத்து, ஒன்று நனையும்போது மற்றதற்கு மாறுவதும் உண்டு.

கேபிள் போகாத உட்புறத் தோட்ட அலுவலகங்களில் இருக்கும் துணைக்கோள இணையத்தில் இன்னொரு வசதி. சிக்னல் தேய்வதை அங்குள்ள கருவியே நிலையத்துக்குச் சொல்லும். நிலையம் வேகத்தைக் குறைத்து, பிழை தாங்கும் முறைக்கு மாறும். இணைப்பு மெதுவாகும், அறுந்துபோகாது. தொலைக்காட்சிக்கு இது கைகொடுக்காது. லட்சக்கணக்கான வீடுகளுக்கும் ஒரே ஒளிபரப்புதான். நம் டிஷ் மேலே எதையும் திருப்பிச் சொல்வதில்லை.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுதான்: வெயில் நாளில் சிக்னல் எவ்வளவு உயர்ந்திருக்கிறதோ, அவ்வளவு மழையைத் தாங்கும். பெருமழைக்கு மட்டும் சில நிமிடங்கள் படம் போனால் அது இயல்பு. சிறு தூறலுக்கே போனால் டிஷ் அசைந்திருக்கலாம், கேபிள் முனையில் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்திருக்கலாம், எதிரே மரக்கிளை வளர்ந்திருக்கலாம். அதைப் பார்க்கத்தான் ஆளைக் கூப்பிட வேண்டும். டிகோடரை மாற்ற அல்ல. சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் என்று விற்பதை வாங்கிக் கேபிளில் மாட்டினாலும் மழைக்குப் பயனில்லை. டிஷ்ஷுக்கு வந்துசேராத சிக்னலை அது உண்டாக்க முடியாது, கூடவே வரும் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷுக்குப் பதில் 90 சென்டிமீட்டர் வைத்தால் பரப்பு இரண்டேகால் மடங்காகும். படம் போகும் நேரம் குறையும். ஆனால் கொட்டித் தீர்க்கும் மழையில் அதுவும் நிற்கத்தான் செய்யும்.