ஜகார்த்தா போகும் பேரனும் நம் பழவேற்காடும்



பேரன் போன மாதம் கும்மிடிப்பூண்டிக்கு வந்திருந்தான். பத்து நாள் இந்தோனேசியா போகிறானாம். பார்க்க வேண்டிய இடங்களைக் கைப்பேசியில் வரிசையாக வாசித்துக் காட்டினான். பாலித் தீவு, போரோபுதூர் புத்தர் கோயில், பிரம்பனான் சிவன் கோயில், ஒரு எரிமலை, கடைசியில் ஜகார்த்தாவின் பழைய நகரம். "டச்சுக்காரங்க கட்டினதாம் தாத்தா. அப்ப அதுக்கு பத்தாவியான்னு பேராம்" என்றான்.

"அந்த ஊருக்கும் நம்ம ஜில்லாவுக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கு. விமானம் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு நாள் என்கூட பழவேற்காடு வா" என்றேன்.

"எதுக்கு தாத்தா, இறால் வாங்கவா?" என்று கேட்டான். நம்மில் பலருக்கும் பழவேற்காடு என்றால் இறாலும் நண்டும்தானே!

ஞாயிற்றுக்கிழமை காலை மின்சார ரயிலில் ஏறினோம். கவரைப்பேட்டைக்கு அடுத்தது பொன்னேரி. அங்கிருந்து திருப்பாலைவனம் வழியாகப் பேருந்து. போகிற வழியில் அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் சரித்திரப் பாடத்தில் ஒல்லாந்தர் என்றாலே எதிரிகள். 1693-ல் பிரான்சுவா மர்த்தேனிடமிருந்து புதுச்சேரியைப் பிடுங்கிக்கொண்டவர்கள் என்று வாத்தியார் கோபத்தோடு சொல்வார். பிரெஞ்சு வரைபடத்தில் 'பலியகாத்' என்றொரு ஊர் இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று அப்போது தெரியாது. உத்தியோகத்தில் பொன்னேரிக்கு மாற்றலாகி வந்த பிறகுதான் அது பழவேற்காடு என்று தெரிந்தது.

ஒல்லாந்தருக்கு முன்பே போர்ச்சுக்கீசியர் இங்கே இருந்தார்கள். ஒல்லாந்தர் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரிடம் அனுமதி வாங்கி 1610-ல் கிடங்கு போட்டார்கள். 1612-ல் போர்ச்சுக்கீசியர் வந்து அதை அழித்தார்கள். மறுவருஷமே, 1613-ல், ஒல்லாந்தர் கோட்டை கட்டி அதற்கு கெல்ட்ரியா என்று பெயர் வைத்தார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் அவர்களுடைய தலைமை இடம் இதுதான். இங்கே வெடிமருந்து செய்தார்கள், நாணயம் அடித்தார்கள். நம் நெசவாளர்கள் நெய்த துணியை வாங்கிக் கிழக்கே கொண்டுபோய், அதைக் கொடுத்து ஜாதிக்காயும் கிராம்பும் வாங்கினார்கள். மலாய்க்காரர்கள் இன்றைக்கும் கட்டம் போட்ட கைலியை 'கைன் பெலிகாட்' என்கிறார்கள். அந்தப் பெலிகாட் நம் பழவேற்காடுதான். 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கோட்டையை அதற்கு முன்பே, 1806-ல், இடித்துவிட்டார்கள். இப்போது முள்செடி மண்டிய மேடும் அகழியும்தான் மிச்சம்.

கல்லறைத் தோட்டம் மட்டும் நன்றாக இருக்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. வாசலில் இரண்டு எலும்புக்கூடுகள் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே பெரிய கற்களில் பெயர், பதவி, குடும்பச் சின்னம், இறந்த தேதி எல்லாம் அச்சடித்த மாதிரி இருக்கின்றன. பேரன் ஒவ்வொன்றாகப் படம் எடுத்தான். "எவ்வளவு அழகா எழுதி வச்சிருக்காங்க தாத்தா" என்றான்.

"இவங்களுக்குக் கல் இருக்கு. கல் இல்லாதவங்களைப் பத்தியும் கேளு" என்றேன்.

பத்தாவியா 1619-ல் உண்டானது. நகரம் கட்ட ஆள் வேண்டும். இங்கே போரும் பஞ்சமும் வரும்போதெல்லாம் ஜனங்கள் தங்களையும் பிள்ளைகளையும் விற்கும் நிலைக்கு வந்தார்கள். 1622-23 பஞ்சத்தில் மட்டும் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து சுமார் 1,900 பேரை அடிமைகளாகக் கப்பல் ஏற்றினார்கள். கையில் பணம் இருந்திருந்தால் இன்னும் 2,000 பேரை வாங்கியிருக்கலாம் என்று கம்பெனி அதிகாரிகள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நானும் ஆயுசு முழுக்கப் பதிவேடு எழுதியவன். புயல் நிவாரணப் பட்டியலில்கூட பெயர், தகப்பன் பெயர், ஊர் எழுதிக் கைநாட்டு வாங்குவோம். அரிசி மூட்டைக்குப் பற்றாக்குறை எழுதுவது போல மனிதர்களுக்கு எழுதிய அந்தக் குமாஸ்தாவின் கை எப்படிப்பட்டதோ என்று நினைத்துக்கொள்வேன்.

அப்படிப் போனவர்களில் ஒருத்தியின் கதை கிடைத்திருக்கிறது. ஏடுகளில் அவள் பெயர் காத்ரெய்ன் வான் பலியகாத்தே. 'வான்' என்றால் 'அந்த ஊரைச் சேர்ந்த' என்று அர்த்தம். பெற்றோர் வைத்த பெயர் அந்த ஏடுகளில் இல்லை, ஊர்ப் பெயர்தான் ஒட்டிக்கொண்டு போயிருக்கிறது. பத்தாவியாவில் அடிமையாக இருந்தாள். தன்னை அடித்த காதலனைத் திருப்பி அடித்ததில் அவன் இறந்துபோனான். மரண தண்டனையைக் குறைத்து 1657-ல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு நாடு கடத்தினார்கள். அங்கே தளபதி வீட்டில் துணி வெளுத்தாள். பிற்பாடு மன்னிப்புக் கிடைத்து, கல்யாணமும் செய்துகொண்டாள். அவள் மகன் கிறிஸ்தோஃபெல் ஸ்நெய்மன் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்துப் பெண்ணைக் கட்டினான். இன்று தென்னாப்பிரிக்காவில் ஸ்நெய்மன் என்ற பெயருள்ள வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஏராளம். அந்தக் குடும்பத்துக்கு நம் பழவேற்காட்டுப் பெண் ஒருத்திதான் மூதாதை!

பேரன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் பார்க்கப் போற ஊருக்கு நம்ம ஆளுங்க முன்னாடியே போயிருக்காங்க. சுத்திப் பார்க்கப் போகல, அவ்வளவுதான்" என்றான்.

நீங்களும் ஒரு நாள் போய் வாருங்கள். மகிமை மாதா கோயில், சின்னப் பள்ளிவாசல், ஆதிநாராயணப் பெருமாள் கோயில் எல்லாம் ஒரே நாளில் பார்க்கலாம். பனிக்காலத்தில் போனால் ஏரியில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும். ஒரிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உப்பங்கழி இது. ஆனால் யாராவது கூப்பிட்டால் படகில் ஏறிவிடாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேர் போனதை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு நேரே பேருந்துக்கு ஓடாமல் கரையில் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். கப்பல் ஏறிய அந்த ஜனங்களுக்கு, நான் பார்த்த வரையில், அங்கே ஒரு கல்லும் இல்லை.

பேரன் ஊர் சுற்றிவிட்டு நல்லபடியாகத் திரும்பிவிட்டான். பழைய பத்தாவியா நகர மண்டபத்தின் முன்னால் நின்று ஒரு படம் அனுப்பியிருந்தான். அதன் கீழே "பலியகாத்திலிருந்து வந்திருக்கிறேன்" என்று எழுதியிருந்தான்.