சுமையை ஏற்றச் சொன்னவர் யார்?

2025 மே 13, தெலுக் இந்தான். சரளைக்கல் லோரியும் போலீஸ் டிரக்கும் மோதி, கலகத் தடுப்புப் போலீசார் 9 பேர் மாண்டார்கள். லோரியில் அளவு மீறிய சுமை இருந்ததை விசாரணை காட்டியது. நம் விரல் உடனே ஓட்டுநரை நோக்கித்தான் நீளும், இல்லையா?

பழைய வழக்கம்தான் நேயர்களே! 19ஆம் நூற்றாண்டு பிரிட்டனில், அதிகச் சுமை ஏற்றிய கப்பலில் ஏற மறுத்த மாலுமிகளையே சிறையில் போட்டார்கள். சாமுவேல் பிளிம்சோல் எம்.பி. போராடினார். 1876 சட்டப்படி, கப்பலின் பக்கவாட்டில் சுமைக்கோடு கட்டாயமானது. கோட்டை எங்கே போடுவது என்பதை மட்டும் முதலாளியிடமே விட்டுவிட்டார்கள்! 1890இல்தான் அந்தச் சலுகை போனது.

நம் ஓட்டுநர் நடைக்கூலிக்காரர். "முடியாது" என்றால் சாவி அடுத்தவர் கைக்குப் போய்விடும். எடை நிலையத்தில் பிடிபடுவது அவர். ஏற்றச் சொன்னவர் அங்கே இருப்பதே இல்லை.